கோடை விடுமுறையின் ஆறு வாரங்கள்: இங்கிலாந்தில் ஊருக்குள்ளேயே கிடைக்கும் பொழுதுபோக்குகள் நமக்குப் போதாதா?

யார்க்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஜூலை மாதத்தின் பின்பாதியில் பள்ளிகள் மூடிவிட்டால், செப்டம்பர் முதல் வாரம் வரை ஏறக்குறைய ஆறு வாரங்கள் பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் இந்த நேரத்தில், இங்கிலாந்துத் தமிழர்களான நம் இணையக் களத்தில் ஸ்பெயினுக்கு விமானச் சீட்டு என்ன விலை, துருக்கியில் எந்த விடுதி நல்லது, ஊருக்குப் போய்வர எவ்வளவு ஆகும் என்பதே பேச்சாக இருக்கிறது. அந்தப் பயணங்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவை அதிகம் போனால் இரண்டு வாரங்கள். மீதி நான்கு வாரங்களை நம் குடும்பங்கள் எப்படிக் கழிக்கின்றன என்பதைப் பற்றி இங்கே யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டின் கோடை என்பது அந்தந்த ஊர் மக்கள் தங்கள் ஊருக்காகத் தாங்களே நடத்திக்கொள்ளும் சிறிய நிகழ்ச்சிகளில்தான் இருக்கிறது. பூங்காவில் இசைக்குழு, பசும்புல் திடலில் கிரிக்கெட், தேவாலயத் தோட்டத்தில் ஃபெட் என்ற ஊர்க் கேளிக்கைச் சந்தை, கோட்டை முற்றத்தில் நாடகம் என்று அவை ஒவ்வொரு வாரமும் நடக்கின்றன. நாமோ அவற்றை ‘அவர்களுடையவை’ என்று எண்ணி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நடந்துவிடுகிறோம். அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

உதாரணமாக ஸ்கார்பரோவைச் சொல்கிறேன். யார்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவு. அங்கே பீஸ்ஹோம் பூங்காவின் ஏரியில் கோடைக்காலத்தில் வாரத்தின் சில நாள்கள் ஒரு கடற்போர் நடக்கிறது. 1927 முதல் நடந்துவரும் காட்சி இது. சுமார் இருபது அடி நீளமுள்ள சின்னஞ்சிறு போர்க்கப்பல்கள், அவற்றுள் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் நகராட்சி ஊழியர் ஒருவர் குனிந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருப்பார். ஏரியின் நடுவே உள்ள மேடையில் ஒருவர் ஆர்கன் வாசிப்பார். கம்பியில் வழுக்கிக்கொண்டு பொம்மை விமானங்கள் வரும், குண்டு வெடிக்கும், புகை எழும்பும், வாத்துகள் எதையும் பொருட்படுத்தாமல் நடுவே நீந்தும். எங்கள் இளையவன் அன்று போரைப் பார்த்ததைவிட, காட்சி முடிந்ததும் கப்பலின் மேல்மூடியைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் எழுந்து கால்களை உதறியதைத்தான் வாய் பிளந்து பார்த்தான். குப்பை வண்டியும் பூங்காத் தோட்டமும் பார்த்துக்கொள்ளும் ஒரு நகராட்சி, தன் ஊழியரைக் கப்பலுக்குள் உட்கார வைத்து ஊர்ப் பிள்ளைகளை மகிழ்விக்கிறது என்பதை நான் மிகப் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

அதே ஊரில் 1875ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடற்கரைக் குன்றின் சரிவில் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கும் கம்பிவட வண்டி இருக்கிறது. இந்த நாட்டிலேயே முதலாவது அதுதான். ஸ்பா என்ற அரங்கக் கட்டடத்தில் 1912இல் தொடங்கப்பட்ட இசைக்குழு இன்றும் கோடை முழுவதும் வாசிக்கிறது. கடற்கரை ஊர்களில் இப்படிப்பட்ட தொழில்முறைக் குழுக்களுள் எஞ்சியிருப்பது அது ஒன்றே. சாய்வு நாற்காலியில் அமர்ந்து கடலைப் பார்த்தபடி முதியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்தில் இளம் குடும்பங்கள் மிகக் குறைவு. நம்மவர்களைக் காண்பதே அரிது.

உங்கள் ஊரில் என்ன இருக்கிறது, உங்கள் குடும்பம் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். உடன்படாதவர்களும் எழுதுங்கள்.

குரோய்டன் தகப்பன்

சகோதரி, நீங்கள் எழுதியது அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு அடிப்படையான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் கோடை விடுமுறை என்பது பொழுதுபோக்குப் பிரச்சினையே அல்ல, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற பிரச்சினை. பள்ளிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 13 வாரங்கள் விடுமுறை. வேலை செய்பவருக்குச் சட்டப்படி கிடைப்பது 5.6 வாரங்கள், வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 28 நாள், வங்கி விடுமுறைகள் எனப்படும் பொது விடுமுறைகளையும் அதற்குள்ளேயே சேர்த்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. கணவனும் மனைவியும் தங்கள் விடுப்பைத் தனித்தனியாக எடுத்தால்கூட 13 வாரங்களை நிரப்ப முடியாது. சேர்ந்து எடுத்தால் குடும்பமாக ஓரிடத்துக்குப் போகலாம், ஆனால் மற்ற வாரங்களில் பிள்ளை தனியே நிற்கும். பள்ளி நாள்களில் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் அபராதம். 2024 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று கணக்கிட்டால் குறைந்தபட்சமே 320 பவுண்டு ஆகிறது.

நான் மருத்துவமனையில் சுழற்சி முறையில் வேலை செய்கிறேன். இரவு வேலை முடித்து வந்து தூங்கும் வீட்டில், மூடிய திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் சத்தம் போடாமல் விளையாட வேண்டும் என்பதே எங்கள் கோடை. விடுமுறை முகாம்களுக்குக் கட்டும் பணம் வீட்டு வாடகைக்கு அடுத்த பெரிய செலவாக வந்து நிற்கிறது. ஏரியில் கப்பல் பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த ஆசை நிறைவேறும் நாள் மாதத்துக்கு ஒன்றிரண்டு.

நூலகத் தன்னார்வலர்

குரோய்டன் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு உடனே எழுத வந்தேன். பணச்செலவு இல்லாமல் வாரத்துக்கு ஓரிரு முறை பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக உதவும் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன, இரண்டையும் நம்மில் பலர் பயன்படுத்துவதில்லை.

ஒன்று, பொது நூலகங்களில் நடக்கும் கோடை வாசிப்புச் சவால். 1999 முதல் நடக்கிறது. 4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள் விடுமுறைக்குள் வழக்கமாக ஆறு புத்தகங்கள் படிக்க வேண்டும், எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம், எல்லாம் இலவசம், முடித்தவருக்குச் சான்றிதழும் பல நூலகங்களில் பதக்கமும் உண்டு. இதில் எனக்குப் பிடித்த பகுதி பதக்கம் அல்ல. படித்து முடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரும் பிள்ளை, மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தன்னார்வலரிடம் கதையைச் சொல்ல வேண்டும். தன்னார்வலர்களில் பலர் பதின்ம வயதினர். மூக்கு மட்டும் மேசைக்கு மேலே தெரிய ஒரு சிறுமி, டிராகன் ஏன் அழுதது என்பதைப் பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு விளக்கிக்கொண்டிருப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். அவன் தலையாட்டிக் கேட்டுவிட்டு அட்டையில் ஒட்ட ஒரு வில்லையை எடுத்துக் கொடுப்பான். உங்கள் பெரிய பிள்ளைகளை இந்தத் தன்னார்வப் பணிக்கு அனுப்புங்கள், சின்னவர்களைப் படிக்க அனுப்புங்கள்.

இரண்டாவது, பள்ளியில் வருமான அடிப்படையில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்கான விடுமுறைச் செயல்பாட்டு, உணவுத் திட்டம். கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு 2020இல் பிள்ளைகளின் விடுமுறைக் காலப் பசியைப் பற்றி நாடறியப் பேசியதை அடுத்து, முன்னர் சோதனையாக இருந்த இத்திட்டம் 2021இல் இங்கிலாந்து முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. கோடையில் நான்கு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஒரு வேளை உணவுடன். நீச்சல், சமையல், நாடகம் என்று ஊருக்கு ஏற்ப மாறும். தகுதி இருந்தும் கூச்சத்தால் பதியாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. அவர்கள் கட்டும் வரியும் இதற்குள் இருக்கிறது. உங்கள் நகராட்சியின் இணையப் பக்கத்தில் ஜூன் மாதமே பார்த்துவிடுங்கள், இடங்கள் விரைவில் நிரம்பிவிடும்.

லெஸ்டர் ஈழத்தவன்

எங்கள் பக்கத்தில் ஒரு வேறுபாடு உண்டு, பலருக்குத் தெரியாததால் எழுதுகிறேன். லெஸ்டர் பகுதிப் பாடசாலைகள் நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு ஒன்றிரண்டு கிழமை (வாரம்) முன்னதாகவே கோடை விடுமுறைக்கு மூடுகின்றன, அதற்கேற்ப ஆகஸ்ட் முடியும் முன்னரே திறந்தும் விடுகின்றன. முன்னாளில் இங்கிருந்த பின்னலாடை, காலணித் தொழிற்சாலைகள் ஜூலையில் இரண்டு கிழமை மொத்தமாக மூடப்படும். தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளும் அப்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று ஏற்பட்ட வழக்கம், தொழிற்சாலைகள் போன பின்னரும் நிற்கிறது. அதனால் ஜூலை நடுவில் கடற்கரைக்குப் போனால் எங்களுக்குக் கூட்டமும் குறைவு, அறை வாடகையும் குறைவு.

வடமேற்கில் லங்காஷயர் நெசவாலை ஊர்களிலும் இதே கதைதான். ஒவ்வோர் ஊரும் கோடையில் தனக்கென ஒரு கிழமையைக் குறித்து வைத்திருந்தது. அந்தக் கிழமையில் ஆலையின் கொதிகலன்களை அணைத்துப் பழுது பார்ப்பார்கள், ஊரே ரயிலேறி பிளாக்பூலுக்குப் போகும். ஒரே தெருவில் குடியிருந்தவர்கள் அங்கேயும் ஒரே விடுதியில் தங்குவார்கள். அவர்களுக்கு அந்தக் கிழமையில் சம்பளம் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆண்டு முழுவதும் வாராவாரம் சிறுகச் சிறுகச் சேமித்துத்தான் போனார்கள். சம்பளத்துடன் விடுமுறை என்ற சட்டம் 1938இல்தான் வந்தது. இன்றைக்குக் குரோய்டன் நண்பர் படும் பாட்டை அன்றைய நெசவாலைத் தாய்மார்கள் வேறு விதமாகப் பட்டார்கள். ஊரே ஒன்றாக விடுமுறை எடுத்ததனால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வியாவது அப்போது எழவில்லை.

பிளாக்பூலுக்கு இன்றும் போகலாம். 1894இல் திறந்த கோபுரம், கடற்கரைக் கழுதைச் சவாரி, ஆகஸ்ட் முடிவில் தொடங்கும் விளக்கு அலங்காரம். கழுதைகளுக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு நாள் என்று நகராட்சி விதி இருக்கிறது, ஆகவே சவாரிக்கு ஆசைப்படும் பிள்ளையை வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சஃபோக் கிராமத்து மருத்துவர்

இழையைத் தொடங்கியவரின் கருத்தோடு முழுமையாக ஒத்துப்போகிறேன், ஒரே ஒரு திருத்தத்துடன். பார்க்கப் போவது பாதி வேலைதான். இந்த நிகழ்ச்சிகளை நடத்துவோர் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள், ஆள் பற்றாமல் திணறுகிறார்கள். கை கொடுக்கப் போனால் மட்டுமே நமக்கும் அந்த ஊருக்கும் இடையிலுள்ள வேலி விழும்.

எங்கள் ஊர் ஃபெட் ஜூலையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நடக்கும். தேவாலயக் கூரைக்கோ பள்ளிக்கோ ஊர் மன்றத்துக்கோ பணம் திரட்டுவதற்காக. பெரிய வெள்ளைக் கூடாரத்தில் தேநீரும் கேக்கும், வெளியே டொம்போலா, ராஃபிள் என்ற பரிசுச் சீட்டுக் குலுக்கல்கள், பழைய புத்தகக் கடை, யார் வீட்டு நாய் வாலை நன்றாக ஆட்டுகிறது என்ற போட்டி, கயிறு இழுத்தல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேங்காய் எறி. கம்பங்களின் தலையில் தேங்காய்களை உட்கார வைத்து, தொலைவிலிருந்து மரப்பந்தை எறிந்து விழ வைத்தால் அந்தத் தேங்காய் உங்களுக்கு. கிரிக்கெட் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை என்பதை ஊரார் இப்போது கண்டுகொண்டிருக்கிறார்கள். வென்ற தேங்காயை மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் எங்களிடம் கொடுத்துவிடுவார்கள், அன்றிரவு வீட்டில் தேங்காய்ச் சாதம்.

ஆகஸ்ட் பிற்பாதியில் தோட்டக்கலைக் கண்காட்சி வரும். அதைப் பற்றி இரண்டு வார்த்தை விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் ஒரு குடும்பம் மே மாதத்திலிருந்தே சேர்ந்து ஈடுபடக்கூடிய ஒன்று இது. காய்கறி, பூ, ஜாம், கேக், பிள்ளைகளின் கைவேலை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் கறாரான விதி. தக்காளி என்றால் காம்புத் தலை பச்சையாக ஒட்டியிருக்க வேண்டும், வைக்கும் பழங்கள் அனைத்தும் ஒரே அளவு, ஒரே நிறம். விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக் என்றால் இரண்டு அடுக்கும் ஒரே கனம், நடுவில் ராஸ்பெரி ஜாம் மட்டுமே, கிரீம் கூடாது, மேலே மெலிதாகக் காஸ்டர் சர்க்கரை, ஆற வைத்த கம்பித் தட்டின் தடம் மேற்பரப்பில் தெரியக் கூடாது. ஜாம் குப்பியின் மூடியில் எந்த நிறுவனத்தின் பெயரும் இருக்கக் கூடாது. தீர்ப்பாளர் அம்மையார் வெள்ளை அங்கி அணிந்து, கத்தியால் ஒரு துண்டு வெட்டி, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சிறிது சுவைத்து, ஒரு சிறிய சீட்டில் எழுதி வைப்பார். முதல் பரிசுக்குச் சிவப்பு அட்டையும் ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகமான பணமும். என் மனைவிக்கு அந்த அட்டை கிடைத்த அன்று, அதுவரை எங்களிடம் வானிலை மட்டுமே பேசியிருந்த பக்கத்து வீட்டு முதியவர் வேலியருகே வந்து அரை மணி நேரம் நின்று பேசினார்.

சட்னிப் பிரிவில் கலந்துகொள்ள நினைப்பவர்கள் கவனிக்க: அங்கே எதிர்பார்ப்பது வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிக் குப்பியில் இரண்டு மூன்று மாதம் முதிர வைத்தது. நம் தொக்கு அதற்குக் கிட்டத்தட்ட நெருங்கி வரும். அரைத்த தேங்காய்ச் சட்னி அந்த மேசையில் ஒரு பிற்பகல்கூடத் தாங்காது.

மான்செஸ்டர் மழை

மருத்துவர் ஐயாவின் பதிவு மனநிறைவாக இருந்தது. ஆனால் எல்லா ஊரிலும் இப்படி வரவேற்பு கிடைப்பதில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நாங்கள் புறநகரில் ஒரு ஃபெட்டுக்குப் போனபோது யாரும் தவறாக நடந்துகொள்ளவில்லை, ஆனால் யாரும் பேசவும் இல்லை. பிள்ளைகள் பவுன்சி காசில் என்ற காற்றடைத்த கோட்டையில் குதித்தார்கள், நாங்கள் இருவரும் காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றோம், வீடு திரும்பினோம். நம் சங்கத்து விளையாட்டுப் போட்டிக்குப் போனால் வாசலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தட்டில் கொத்துரொட்டி வந்துவிடுகிறது. ஒரு வார வேலைக்குப் பிறகு மனிதர் எங்கே போக விரும்புவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அடுத்து, வானிலை. பாதி நிகழ்ச்சிகளை மழை அடித்துக்கொண்டு போகிறது, மறு பாதியில் வெயில் கொளுத்துகிறது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. இந்த நாட்டில் அதற்கு முன் 40ஐத் தொட்டதே இல்லை. குளிரைத் தாங்கக் கட்டிய வீடுகள் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த நாள்களில் பிள்ளைகளை எங்கே கொண்டு போவது?

கென்ட் கரையோரம்

வெயில் நாளில் எங்கே போவது என்ற கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் கடற்கரை என்பதால், நான் எழுத வந்தது வேறொன்றாக இருந்தும் இதை முதலில் எழுதுகிறேன். 2016 ஆகஸ்டில், லண்டனிலிருந்து கேம்பர் மணற்கரைக்குப் போன நம் தமிழ் இளைஞர்கள் ஐவர், நண்பர்கள், ஒரே நாளில் கடலில் மூழ்கி இறந்தார்கள். நல்ல வெயில் நாள், அலையும் பெரிதாக இல்லை. அந்தக் கரையில் கடல் வெகு தூரம் உள்வாங்கும், நடுவே மணல் திட்டுகள் தெரியும், அவற்றின் மேல் நின்று விளையாடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலுள்ள பள்ளங்களில் நீர் நிரம்பிவிடும். அப்போது அங்கே உயிர்காப்பாளர்கள் பணியில் இல்லை. அதன் பின்னரே அமர்த்தப்பட்டார்கள்.

நம் குடும்பங்களில் பெற்றோரில் பலருக்கு நீந்தத் தெரியாது. ஆகவே உயிர்காப்பாளர் உள்ள கரைக்கு மட்டும் போங்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு இடையில் மட்டும் இறங்குங்கள். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்க வேண்டாம். காற்றடைத்த படகு, மெத்தை எதையும் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள். நிலத்திலிருந்து வீசும் காற்று சில நிமிடங்களில் அதை ஆழத்துக்குத் தள்ளிவிடும். புறப்படும் முன் அன்றைய ஓத நேரத்தைப் பாருங்கள். யாராவது தத்தளித்தால் பின்னால் குதிக்காமல் 999ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள். தண்ணீருக்குள் சிக்கியவர் கைகால் அடிக்காமல் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காது நனைய மல்லாந்து மிதக்க வேண்டும். குளிர்நீரின் முதல் அதிர்ச்சி ஒன்றிரண்டு நிமிடங்களில் தணிந்துவிடும். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்.

நீந்தப் பழக லிடோக்கள் என்ற திறந்தவெளி நீச்சல் குளங்கள் இருக்கின்றன. தென் லண்டனில் டூட்டிங் பெக் 1906இல் திறந்தது, புரோக்வெல் 1937இல் திறந்தது. வெயில் நாளில் முன்பதிவு இல்லாமல் போனால் வரிசையில் நிற்க வேண்டி வரும். நான் என் பிள்ளைகளைச் சேர்த்ததும் இப்படியொரு திறந்தவெளிக் குளத்தில்தான், அவர்களோடு நானும் நாற்பது வயதில் பழகினேன்.

யார்க்வாசி

கென்ட் சகோதரருக்கு நன்றி. அந்த ஐவரின் வீடுகளை எண்ணிப் பார்க்கும்போது, இந்த இழையில் மற்ற எதையும் படிக்காதவர்கள்கூட அந்தப் பதிவை மட்டுமாவது படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மான்செஸ்டர் சகோதரி, நீங்கள் சொன்ன மௌனத்தை நானும் அறிவேன். அது பகையல்ல என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இங்கே அறிமுகமில்லாதவரிடம் காரணமில்லாமல் பேசுவதைத் தொந்தரவாகக் கருதுகிறார்கள். ஒரு வேலை கையில் இருந்தால் அந்தக் காரணம் கிடைத்துவிடுகிறது. தேநீர்க் கொதிகலனுக்கு அருகில் நிற்பவரிடம் நூறு பேர் பேசியே ஆக வேண்டும். சங்கத்து விளையாட்டுப் போட்டியை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மேற்கு ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் தேர் ஆகஸ்டில் தெருவில் இறங்கும்போது, பக்கத்து வீட்டு ஆங்கிலேயர்கள் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்க்கிறார்கள். அதுவும் இந்த நாட்டுக் கோடையின் ஓர் ஊர்த் திருவிழாதான். நம் தேரை அவர்கள் பார்க்கவும் வடம் பிடிக்கவும் விரும்பும் நாம், அவர்கள் ஊர்க் கூடாரத்துக்குள் போகத் தயங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குரோய்டன் தகப்பனார் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. பகல் முழுவதும் வேலை என்றால் மாலையைத்தான் பயன்படுத்த வேண்டும், அதற்கு இந்த நாடு தரும் கொடை வெளிச்சம். ஜூன் இறுதியில் எங்கள் ஊரில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை தாண்டிவிடுகிறது. வில்லியம் வில்லெட் என்ற கட்டடத் தொழிலதிபர், கோடைக் காலை வெளிச்சம் மக்கள் தூங்கும்போது வீணாகிறதே என்று 1907இல் தொடங்கிச் சாகும் வரை வாதாடினார். 1916இல் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அவர் கேட்டு வாங்கித் தந்த அந்த மாலைப் பொழுதை நாம் திரை மூடித் தொலைக்காட்சி முன் கழிக்கிறோம் என்பதே என் ஆதங்கம்.

நாட்டிங்ஹாம் மட்டையாளர்

மாலை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்கு அருகில் நிச்சயம் ஒரு கிரிக்கெட் கழகம் இருக்கும். பல கழகங்களில் வெள்ளிக்கிழமை மாலை சிறுவர் பயிற்சி. 5 முதல் 8 வயது வரை ஒரு திட்டம், 8 முதல் 11 வரை இன்னொன்று, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே. பெற்றோர் எல்லைக் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், யாரோ ஒருவர் பர்கர் சுடுவார், சிறுவர்கள் முடித்த பின் அப்பாமார்களும் அம்மாமார்களும் மென்பந்தில் ஒரு ஆட்டம் ஆடுவார்கள். நம்மவர்கள் கூச்சமின்றி நுழையக்கூடிய இடம் இதுதான், ஏனென்றால் ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் யார் எந்த ஊர் என்பது இரண்டாம்பட்சமாகிவிடும். ஓட்டக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு எந்தக் கழகத்திலும் தட்டுப்பாடு. அந்த வேலையை ஏற்றுக்கொண்டால் நீங்கள் அவர்களுள் ஒருவர்.

ஒரு வருத்தமும் உண்டு. சனிக்கிழமை ஆட்டங்களில் இன்னிங்சுக்கு இடையே சாண்ட்விச்சும் கேக்கும் பரிமாறும் வழக்கத்தைக் கொரோனா காலத்தில் நிறுத்திய பல லீக்குகள் அதைத் திரும்பக் கட்டாயமாக்கவில்லை. ஆளாளுக்குத் தம் டப்பாவைத் திறந்து வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எதிரணியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த இருபது நிமிடங்கள்தான் என் போன்ற வந்தேறிக்கு இந்த நாட்டுப் பழக்கவழக்கம் பிடிபட்ட இடம். எங்கள் கழகத்தில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அதை மீண்டும் தொடங்கியிருக்கின்றன. வெள்ளரிக்காய் சாண்ட்விச்சோடு வடையும் போகிறது, வடைதான் முதலில் தீர்கிறது.

குரோய்டன் தகப்பன்

எல்லோருடைய பதிவுகளையும் என் மனைவியும் படித்தார். எங்கள் முடிவை எழுதிவிடுகிறேன். பிள்ளைகளின் பள்ளியில் மூன்று குடும்பங்களோடு பேசியிருக்கிறோம். வாரத்தில் நான்கு வேலைநாள்களில் நாளுக்கு ஒரு குடும்பம் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது, மிஞ்சும் ஒரு நாளுக்கு மட்டும் முகாம் என்று ஒரு ஏற்பாடு. செலவு மிகவும் குறைகிறது. பிள்ளைகளுக்கும் கூட்டு கிடைக்கிறது. எங்கள் முறை வரும் நாளில் நூலகமும் லிடோவும். நான் இரவு வேலை பார்த்த மறுநாள் எங்கள் முறை வராதபடி பார்த்துக்கொள்வோம்.

லண்டனில் மாலை வேளையில் குறைந்த செலவில் பெரிய பிள்ளையோடு போகக் கூடியவை வேறு என்ன இருக்கின்றன? மூத்தவள் வயலின் பழகுகிறாள்.

நூலகத் தன்னார்வலர்

வயலின் என்றால் யோசிக்கவே வேண்டாம், புரோம்ஸ் (Proms) என்ற செவ்வியல் இசைவிழாவுக்குக் கூட்டிப் போங்கள். 1895இல் தொடங்கியது, ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை பெரும்பாலான இரவுகளில் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடக்கும். மேடைக்கு நேர் முன்னால் நின்றபடி கேட்கும் சீட்டு பத்து பவுண்டுக்கும் குறைவு, அன்றன்று விற்பனைக்கு வரும். உட்கார்ந்து கேட்பவர் பல மடங்கு விலை கொடுத்தும் வயலின் கலைஞர்களின் விரல்களை அவ்வளவு அருகில் பார்க்க முடியாது. இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்பதால் நல்ல காலணி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் இறுதி வங்கி விடுமுறையில் நாட்டிங் ஹில் கார்னிவல். கரீபிய மக்கள் 1960களில் தெருவுக்குக் கொண்டுவந்த விழா. பிள்ளைகளோடு போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், கூட்டம் பெருகும் முன் பிற்பகலில் திரும்பிவிடுங்கள்.

மான்செஸ்டர் மழை

மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பச்சை மிளகாயும் வெந்தயக்கீரையும் நன்றாக வந்திருக்கின்றன. செப்டம்பர் முதல் சனிக்கிழமை இங்கே ஒரு கண்காட்சி இருப்பதாக நூலகப் பலகையில் பார்த்தேன். நாங்கள் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. கலந்துகொள்ள முடியுமா?

சஃபோக் கிராமத்து மருத்துவர்

பெரும்பாலான கண்காட்சிகளில் சில பிரிவுகள் உறுப்பினருக்கு மட்டும், மற்றவை எல்லோருக்கும் திறந்தவை. அவர்கள் வெளியிடும் சிறு கையேட்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரில் அது குறிக்கப்பட்டிருக்கும், ஊர்க் கடையிலோ நூலகத்திலோ கேட்டால் தருவார்கள். மிளகாய்க்குத் தனிப் பிரிவு இல்லாவிட்டால் ‘வேறு ஏதேனும் காய்கறி’ என்ற பிரிவில் சேருங்கள். காம்போடு பறியுங்கள், ஒரே நீளத்தில் ஒரே நிறத்தில் பொறுக்குங்கள், கையேடு எத்தனை கேட்கிறதோ அத்தனை மட்டும் வையுங்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தீர்ப்பாளர் நிராகரித்துவிடுவார். வெந்தயக்கீரையை மூலிகைப் பிரிவில் தண்ணீர்க் குடுவையில் நிறுத்தி, அருகில் பெயரை எழுதி வையுங்கள். பதிவுப் படிவத்தைக் காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்கப் போகும்போது, அன்று காலை மேசைகள் தூக்கிப் போட ஆள் வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லும் கண்காட்சிக் குழு எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.